ஒரு மணி பத்தொன்பதாம் நிமிஷம்

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டவள் சோபியாதான். தகர டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட ஈ மாதிரி ஒரு 'கர்ர்'. மூன்று விநாடிகூட இருக்காது. திரையில் கதாநாயகன் கட்டை வண்டியில் உட்கார்ந்து வாயைத் திறந்து பாடிக்கொண்டிருந்தான். படம் நிற்கவில்லை, குரல் பிசிறவில்லை. ஆனால் பிளேயர் ஒருமுறை மூச்சுத் திணறித்தான் மீண்டது. திரையின் மூலையில் ஒரு மணி பத்தொன்பது நிமிஷம் என்று காட்டியது.

அவள் நோட்டில் குறித்துக்கொண்டு, வேறு நேரத்தில் அச்சடித்த லாட்டிலிருந்து ஒரு டிஸ்க்கைப் போட்டு நேராக அந்த இடத்துக்கே ஓட்டினாள். அதே கட்டை வண்டி, அதே 'கர்ர்'.

மீஞ்சூரில் தண்டவாளத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் அந்த டிவிடி கம்பெனி. சினிமாப் படங்களை டிஸ்க்கில் அச்சடித்து, அட்டை செருகி, பெட்டி கட்டி ஊரூராக அனுப்புவார்கள். பழவேற்காட்டு எறா ஷெட்டில் பத்து வருஷம் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த சோபியா, ஷெட்டை மூடிய பிறகு இங்கே பேக்கிங்கில் சேர்ந்தாள். அட்டை செருகும்போதே கீறல் விழுந்த டிஸ்க்குகளைத் தனியாக எடுத்து வைப்பதைப் பார்த்த சூப்பர்வைசர் தாமோதரன், ஆறே மாதத்தில் அவளைச் செக்கிங் ரூமுக்கு மாற்றிவிட்டார். இருட்டு ரூம், குளிருகிற ஏசி, ஒரு பெரிய டிவி, விலை உயர்ந்த ஒரு பிளேயர். அவள் கையெழுத்து விழாமல் ஒரு லாட் லாரி ஏறாது.

அன்று சனிக்கிழமை. 2011 தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது. பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றைக் கோடு அழித்து, அழுக்கு நீக்கிப் புதுசாக்கித் தீபாவளிக்குக் கடைகளில் இறக்க ஒரு படக் கம்பெனி ஐம்பதாயிரம் டிஸ்க் கேட்டிருந்தது. படம் நீளம். ஒரே டிஸ்க்கில் அடைப்பதற்காக இரண்டு அடுக்காக அச்சடித்தார்கள். முதல் அடுக்கு முடிந்து பிளேயரின் ஒளிக்கதிர் இரண்டாம் அடுக்குக்குத் தாவுகிற இடம்தான் அந்த ஒரு மணி பத்தொன்பது.

சோபியா தாமோதரனைக் கூப்பிட்டாள். எளாவூர்க்காரர், காதில் எப்போதும் பென்சில் செருகியிருக்கும் மனுஷன். நின்றபடியே பார்த்தார்.

"இன்னாமா, நல்லாதானே போவுது?"

"கண்ண மூடிக்கினு கேளுங்கண்ணே."

அவர் கண்ணை மூடினார். 'கர்ர்' வந்தது. திறந்தார்.

"கேக்கல."

"பொய் சொல்லாதீங்கண்ணே. கண்ணு முழியே மாறுது."

தாமோதரன் கதவைச் சாத்தினார். "இத பாரு சோபியா. திங்கக்கெழம காலீல லாரி வருது. தெனம் மூணு மணி நேரம் கரெண்ட்டு இல்ல. ஜெனரேட்டர்ல மெசின் பாதிதான் ஓடுது. நானும் இன்னாதாம்மா பண்ணுவேன்?"

"எப்பலருந்துண்ணே இப்டி?"

அவர் பென்சிலை எடுத்து மறுபடி காதில் செருகினார். அவளுக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமையிலிருந்து பேக்கிங் பெண்கள், டிஸ்க் கைக்கு வரும்போதே வெதுவெதுப்பாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாலரை விநாடிக்கு ஒன்று விழுந்துகொண்டிருந்த டிஸ்க், மூன்றரைக்கு ஒன்று விழுகிறது. ஆறுகிற நேரத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஆறாமல் அடுக்கிய டிஸ்க், சரியாகக் காயாமல் டப்பாவில் போட்ட அப்பளம்போல ஒரு மயிரிழை வளையும். கண்ணுக்குத் தெரியாது, பிளேயருக்குத் தெரியும். இந்த விலை உயர்ந்த பிளேயருக்கே மூச்சுத் திணறுகிறது என்றால் குப்பத்து வீடுகளில் இருப்பவை என்ன செய்யும்? முன்பெல்லாம் சோதித்துப் பார்க்க மட்டமான பிளேயர் ஒன்று பக்கத்திலேயே இருக்கும். அது கெட்டு ஒரு மாதமாயிற்று. மாற்று வரவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு மேனேஜர் பிரபாகரனே வந்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. நாற்காலியை இழுத்துப் போட்டு, அந்த இடத்தை மூன்று தரம் பார்த்தார்.

"படம் நிக்கலையேம்மா."

"இதுல நிக்காது சார். வீட்டு பிளேயர்ல நிக்கும்."

"நிக்கும்னு நீ சொல்ற. எனக்குக் கண்ணால பாக்கணும். ஒரு சத்தத்துக்காக முப்பதாயிரம் டிஸ்க்க ஓரங்கட்டினேன்னு ஹெட் ஆபீஸ்ல சொன்னா சிரிப்பாங்க. இந்த ஆர்டர் போச்சுன்னா பேக்கிங்ல இருக்கற அம்பது பொண்ணுங்களுக்கும் அடுத்த மாசம் வேல இருக்குமான்னு எனக்கே தெரியாது. கையெழுத்துப் போடு."

"மாட்டேன் சார்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே காதில் விழுந்தது. தாமோதரன் தரையைப் பார்த்தார்.

"ஒரு பிளேயர் வாங்கிக் குடுங்க சார். காட்டிர்றேன்."

"வாங்கணும்னா ஹெட் ஆபீஸ் அனுமதி வேணும். பத்து நாளாகும்."

"அப்போ நானே கொண்டாரேன் சார். எங்க ஊர்ல வீட்டுக்கு ஒண்ணு கீது."

பிரபாகரன் சிரித்துவிட்டார். "கொண்டா. திங்கட்கிழமை ஒம்பது மணிக்குள்ள. நின்னுச்சுன்னா நான் பேசிக்கறேன். நிக்கலன்னா நீயே கையெழுத்துப் போட்டுட்டு மறுபடி பேக்கிங்குக்குப் போயிடு. சரியா?"

வேனில் திரும்பும்போது, காட்டூரில் இறங்குகிற அம்பிகா பக்கத்தில் உட்கார்ந்தாள். நெல் விதைத்த வீட்டுப் பெண். பேக்கிங்கில் அவள் கை வேகத்துக்கு ஈடு கிடையாது.

"அக்கா, உன்னாலதான் ஆர்டர் போவப்போவுதுன்னு பொண்ணுங்க பேசிக்கிறாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"நா இன்னா சொல்றது? எங்க நைனா போன வருசம் ஒரு படம் வாங்கினு வந்துச்சு. கிளைமாக்ஸ்ல நின்னுபோச்சு. யாரு செத்தாங்கன்னு இன்னிவரைக்கும் எங்க வூட்ல சண்ட." அவள் இறங்கும்போது திரும்பிச் சொன்னாள்: "எங்க வூட்டு பிளேயரும் கொண்டாரேன்கா. வயல்ல தண்ணி நிக்குது, வண்டி வராது. தலைமேல வெச்சினு வந்துர்றேன்."

பழவேற்காட்டில் வேன் இறக்கிவிட்டபோது மழை விட்டிருந்தது. வாடைக்காற்று ஏரித் தண்ணீரைக் கரைக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. முகத்துவாரம் மண் மூடி மூன்று மாதம். கடல் தண்ணீர் உள்ளே வராமல் எறா வரத்து நின்று, படகுகள் கரையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சோபியாவின் புருஷன் ஆல்வினின் படகும் அதில் ஒன்று. இந்த மூன்று மாதமும் வீட்டில் உலை கொதிப்பது அவளுடைய கம்பெனி வேலையால்தான்.

ஆல்வின் வலையை மடியில் போட்டுக் கண்ணி முடிந்துகொண்டிருந்தான். அவன் அப்பா பால்ராஜ் டிவிக்கு எதிரே, கையில் ரிமோட்டோடு. ஏரியில் கண் மங்கி இறங்குவதை நிறுத்திய பிறகு அவருக்குப் பழைய படம்தான் எல்லாம். தீபாவளிக்கு வரப்போகிற அந்தப் படத்தைச் சின்ன வயதில் பொன்னேரி கொட்டகையில் ஏழு தரம் பார்த்தவர்.

சோபியா கை கால் கழுவிவிட்டு நடந்ததைச் சொன்னாள். ஆல்வினின் கை நின்றுவிட்டது.

"உன்கு இன்னாத்துக்கு இந்த பேஜாரு? பெரிய மனுசங்க போடுன்னா போட்டுட்டு வரவேண்டிதானே?"

"எம் பேரு அதுல போவும்யா."

"உம் பேர எவன் படிக்கிறான்? அட்டைல ஈரோ பேரு, ஈரோயினி பேரு. சோபியான்னு எங்கனா போட்டுக்கீதா?"

"லாட்டு பேப்பர்ல போட்டுக்கீது."

"அத்த லாரிக்காரன் பீடி பத்த வெச்சிட்டுப் போயிருவான்."

பால்ராஜ் திரும்பாமலே கேட்டார். "எந்த எடத்துலம்மா நிக்குது?"

"கட்ட வண்டி பாட்டு மாமா."

ரிமோட் அவர் கையிலிருந்து நழுவியது. "கட்ட வண்டி பாட்டுலயா? டேய் ஆல்வினு, அந்தப் பாட்டுதாண்டா படமே!"

"நைனா, நீ சும்மா இரு. முகத்துவாரம் தொறக்கற வரைக்கும் இவ சம்பாத்தியந்தான் நம்முளுக்கு. பேக்கிங்குக்குத் தள்ளிட்டானுங்கன்னா பாதிதான் குடுப்பானுங்க. ஆர்டரே போச்சுன்னா அதுவும் இல்ல."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. சோபியா எழுந்து அடுப்படிக்குப் போனாள். நண்டு நாலே நாலு கிடந்தது. முருங்கைக்கீரையும் தக்காளியும் சேர்த்துக் குழம்பைக் கூட்டினாள். மூன்று பேரும் அன்று டிவி போடாமல் சாப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சோபியா வீடு வீடாகக் கிளம்பினாள். கவர்மெண்ட் கொடுத்த கலர் டிவி குப்பத்தில் எல்லா வீட்டிலும் உண்டு. அதோடு சேர்த்து வாங்கிய ஆளுக்கொரு பிளேயரும் உண்டு. கேட்டால் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தாள்.

முதல் வீடு நாத்தனார் ரோஸ்மேரி. ஆல்வினின் அக்கா.

"அண்ணி, உங்க பிளேயர் ஒரு நாளைக்கு வேணும்."

"இன்னிக்கா? ஞாயித்துக்கெழம நா காலை நீட்டிப் படுத்துனு படம் பாக்கறது இந்த ஒரு நாளுதான். உன்கு அதுவும் பொறுக்கலியா?"

"நாளைக்குக் காலீல எடுத்துனு போறேன் அண்ணி."

"எங்க? மீஞ்சூருக்கா? ஒடஞ்சா யாரு குடுப்பாங்க? உங்க மேனேஜரா? போவியா."

சுப்பன் டீக்கடையிலும் அதே கதைதான். பிளேயர் போனால் கடையில் கூட்டம் போய்விடும் என்றான். படகுச் சங்கத்துக்காரர், செயலாளரைக் கேட்க வேண்டும் என்றார். செயலாளர் அவர்தான். மத்தியானத்துக்குள் சோபியாவிடம் சேர்ந்தது ஒரே ஒரு பிளேயர். அதுவும் சொந்த வீட்டிலிருந்து பால்ராஜ் கழற்றிக் கொடுத்தது.

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஆல்வின் வலைக் கண்ணியையே முடிந்துகொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ரோஸ்மேரி ஒரு சொம்பு மோர் கேட்க வந்தவள், வாசலிலிருந்தே சொன்னாள்: "ஏண்டா தம்பி, உம் பொண்டாட்டி பொழுது விடிஞ்சதும் ஊரெல்லாம் பிளேயர் பிச்ச கேட்டுனு போறா. நீ ஒண்ணும் கேக்கறதில்லியா?"

'பிச்சை' என்ற வார்த்தை ஆல்வினுக்கு எங்கோ போய்க் குத்தியது. மடியிலிருந்த வலை கீழே போயிற்று.

"பிச்சயா? யாரக்கா பிச்ச கேட்டா? போன புயல்ல உன் வூட்டு ஓடு பறந்தப்போ யாரு மேல ஏறினா? சுப்பனோட படகு ஏரி நடுவுல நின்னப்போ இழுத்துனு வந்தது யாரு? எம் பொண்டாட்டி ஒரே ஒரு நாள் ஒரு டப்பா கேட்டா இல்லன்னு சொல்லுவீங்களா?"

"நா இல்லன்னா சொன்னேன்? படம் முடியட்டும்னு..."

"படம் முடிஞ்சாச்சு. எடு."

அதற்கப்புறம் ஆல்வின் சும்மா இருக்கவில்லை. காலியாகக் கிடந்த மீன் பெட்டிகள் இரண்டைக் கழுவி, அடியில் வைக்கோல் போட்டு, ஒவ்வொரு வாசலிலும் போய் நின்றான். அவன் கேட்ட தோரணையில் சங்கச் செயலாளருக்குச் செயலாளரைக் கேட்க வேண்டும் என்ற ஞாபகமே வரவில்லை. பொழுது சாய்வதற்குள் எட்டு பிளேயர் சேர்ந்துவிட்டது. ஒன்றுக்கொன்று மாறாமலிருக்கச் சோபியா ஒவ்வொன்றின் தலையிலும் காகிதம் ஒட்டிப் பேர் எழுதினாள்.

"இப்போ இன்னா திடீர்னு?" என்று ஆல்வினைக் கேட்டாள்.

"உனுக்காவ இல்ல. அந்தப் பேச்சு எனுக்குப் புடிக்கல." பெட்டிக்குக் கயிறு கட்டினான். "நாளைக்கு நானும் வரேன். இத்த நீ எப்டித் தூக்குவ?"

திங்கட்கிழமை காலை நல்ல மழை. கம்பெனி வேன் டிரைவர் மீன் பெட்டியைப் பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டான். குப்பத்து எல்லப்பனின் லோடு ஆட்டோவில் பெட்டிகளைத் தார்ப்பாயால் மூடி, ஆல்வினும் சோபியாவும் பக்கத்திலேயே குந்திக்கொண்டு போனார்கள். காட்டூர் முனையில் அம்பிகா, பாவாடையை முழங்காலுக்குச் செருகி, தலையில் பிளாஸ்டிக் பையால் சுற்றிய பிளேயரோடு நின்றிருந்தாள். பிளேயர் ஒன்பதாயிற்று.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் தெய்வசிகாமணி குறுக்கே நின்றார். பட்டாளத்திலிருந்து வந்தவர், ரெஜிஸ்டர்தான் அவருக்கு வேதம்.

"இதென்ன?"

"டிவிடி பிளேயர்ண்ணா. மேனேஜர் கொண்டாரச் சொன்னாரு."

"மீன் வாசம் வருதே?"

"மீன் பொட்டில கீது, அதான்."

"பில்லு?"

"மீனுக்கா, பொட்டிக்கா?" என்றான் ஆல்வின்.

தெய்வசிகாமணி சிரிக்கவில்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுக்கச் சொல்லி, கம்பெனிப் பேர், நிறம், உடைசல் எல்லாம் எழுதினார். சுப்பன் கடை பிளேயருக்கு நிறம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "டீ கலர்னு எழுதுங்கண்ணா" என்றாள் அம்பிகா. எழுதினார்.

கேண்டீனில் மேஜைகளைச் சேர்த்துப் போட்டு ஒன்பதையும் வரிசையாக வைத்தார்கள். அந்த நேரத்தில்தான் ஒரு கார் வந்து நின்றது. படக் கம்பெனியிலிருந்து பூபதி என்பவர், லாரி கிளம்புவதைப் பார்க்க வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு. குடையை மடக்கியவர் கேண்டீன் வாசலில் நின்றுவிட்டார்.

"என்ன சார் இது? ஏதாவது ஏலமா?"

பிரபாகரன் குறுக்கே வந்தார். "ஒண்ணுமில்ல சார், சின்ன டெஸ்ட்டு. வாங்க, ரூம்ல காபி சாப்பிடலாம்."

"டெஸ்ட்டுன்னா நானும் பாக்கறேனே" என்று அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

சோபியா வெள்ளிக்கிழமை லாட்டிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தாள். முதலில் பால்ராஜின் பிளேயர். ஒரு மணி பதினெட்டுக்கு ஓட்டினாள். கட்டை வண்டி வந்தது. கதாநாயகன் வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

கேண்டீன்காரம்மா "ஐயய்யோ" என்றாள்.

"ஒண்ணு நின்னா போதாதும்மா" என்றார் பிரபாகரன். "பிளேயர் பழசா இருக்கலாம்."

இரண்டாவது ரோஸ்மேரியுடையது. 'கர்ர்' என்று இழுத்தது, ஆனால் ஓடிவிட்டது. மூன்றாவது, படகுச் சங்கத்துடையது. அதுவும் ஓடிவிட்டது. பிரபாகரன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆல்வின் சோபியாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை.

நாலாவது சுப்பன் கடையுடையது. மின்சாரம் பாய்ந்ததும் உள்ளேயிருந்து ஒரு கரப்பான் ஓடிவந்து, மேஜையைக் கடந்து, பிரபாகரனின் ஃபைல்மேல் ஏறி நின்றது. அவர் எழுந்து துள்ளினார். பூபதி வாய்விட்டுச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் கதாநாயகன் கட்டம் கட்டமாக உடைந்து, வண்டிச் சக்கரம் அவன் தலையில் ஏறியது.

ஐந்தாவது நின்றது. ஆறாவது ஓடியது, ஆனால் பாட்டு ஒரு பக்கமும் வாய் ஒரு பக்கமும் போயிற்று. ஏழாவது டிஸ்க்கே இல்லை என்று சொல்லிவிட்டது. எட்டாவது நின்றது. ஒன்பதாவது, அம்பிகா தலையில் சுமந்துவந்தது, நின்றதோடு டிஸ்க்கைத் துப்பியும்விட்டது.

கூரைத் தகரத்தில் மழை மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பூபதி எழுந்து வந்து எட்டாவது பிளேயரைத் தட்டிப் பார்த்தார். "இந்த மாடல்தாங்க எங்க வீட்ல இருக்கு. எங்கம்மா இந்தப் படத்துக்காக நாள எண்ணிக்கிட்டிருக்காங்க. இது நின்னா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க." குரல் மாறியது. "ஐம்பதாயிரமும் இப்படித்தானா?"

தாமோதரன் காதிலிருந்த பென்சிலைக் கையில் எடுத்தார். "ஆறுற நேரத்த நாந்தான் சார் கொறச்சேன். வேகம் வேணும்னாங்க, கரெண்ட்டு இல்ல, வேற வழி தெரியல. தப்புதான்."

"அவர் மேல இல்ல சார்" என்றார் பிரபாகரன். "குறைக்கச் சொன்னது நான். தேதி தவறக் கூடாதுன்னு."

"தேதி முக்கியம்தாங்க. இப்போ என்ன பண்றது? வெள்ளிக்கிழமை எல்லா ஊர்லயும் டிஸ்க் இருக்கணும்."

சோபியா நோட்டைத் திறந்தாள். "சார், எல்லாமே இப்டி இல்ல. வியாழக்கெழமைக்கு முன்னாடி போட்டது இருபதாயிரம், நல்லா ஆறினது. லாட்டு நம்பர் எழுதி வெச்சிருக்கேன்."

"உறுதியா தெரியுமா?"

"போட்டுப் பாக்கலாம் சார்."

திங்கள், செவ்வாய், புதன் லாட்டுகளிலிருந்து டிஸ்க்குகளை எடுத்து ஒன்பது பிளேயரிலும் மாற்றி மாற்றிப் போட்டாள். கட்டை வண்டி ஒன்பது தரமும் ஆற்றைக் கடந்தது. மூன்றாவது தரத்திலிருந்து கேண்டீன்காரம்மா கூடவே பாட ஆரம்பித்துவிட்டாள்.

பூபதி கணக்குப் போட்டார். நல்ல இருபதாயிரம் இன்றைக்கே மதுரை, திருநெல்வேலிப் பக்கம் கிளம்பட்டும். அவை போய்ச்சேரத்தான் நாளாகும். மீதி முப்பதாயிரத்தைப் பழைய வேகத்தில் அச்சடித்து வெள்ளிக்குள் சென்னைக்குக் கொடுத்தால் போதும். பக்கம்தானே.

"முடியுமா?" என்று பிரபாகரனைக் கேட்டார்.

பிரபாகரன் தாமோதரனைப் பார்த்தார். தாமோதரன் பேக்கிங் பெண்களைப் பார்த்தார். ஜன்னலில் முகம் ஒட்டிக் கொத்தாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"முடியும் சார்" என்றாள் அம்பிகா, யாரும் கேட்காமலே.

"ஒரு நிபந்தனை" என்றார் பூபதி. "இந்த ஒன்பது பிளேயரும் இங்கயே இருக்கணும். புது லாட் ஒவ்வொண்ணும் இதுல ஓடினாத்தான் லாரி ஏறணும். இந்தம்மா கையெழுத்துப் போடணும்."

ஆல்வின் தலையில் கை வைத்துக்கொண்டான். "அஞ்சு நாளா? சார், நா எங்கக்காவுக்கு இன்னா சொல்லுவேன்?"

அந்த ஐந்து நாளும் பேக்கிங் ஹாலில் தலை நிமிர நேரமில்லை. கரெண்ட் போகிற நேரத்துக்குச் சாப்பாட்டு வேளையை மாற்றினார் தாமோதரன். டிஸ்க் அடுக்கும் கம்பியில் கை வைத்துப் பார்த்து, சூடாக இருந்தால் தானே மெசினை நிறுத்தினார். ஒரு மத்தியானம் செக்கிங் ரூமுக்கு இரண்டு டீயோடு வந்து, ஒன்றைச் சோபியா பக்கம் நகர்த்தி வைத்தார். "அன்னிக்கு எனுக்குக் கேட்டுச்சும்மா" என்றார். "தெரியும்ணே, குடிங்க" என்றாள் அவள்.

குப்பம் ஐந்து நாளும் படமில்லாமல் கிடந்தது. சுப்பன் கடையில் கூட்டம் குறையவில்லை. மீஞ்சூரில் என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்தவர்களே நாலு டீ அதிகம் குடித்தார்கள். தன்னுடைய பிளேயர் வளைந்த டிஸ்க்கையும் ஓட்டியது என்று தெரிந்ததிலிருந்து ரோஸ்மேரி தெருவில் நடக்கிற நடையே வேறாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கடைசி லாட். ஒன்பதிலும் ஓடியது. சோபியா கையெழுத்துப் போட்டாள். பிரபாகரன் அந்தப் பேப்பரை வாங்கிப் படித்துவிட்டு, "புது மட்டமான பிளேயர் நாலு வாங்க ஹெட் ஆபீஸ் ஒத்துக்கிட்டாங்க" என்றார். "மட்டமானதா பாத்து நீதான் எடுத்துக் குடுக்கணும்."

"அதுக்கு எங்கூட்டுக்காரரக் கூப்புடுங்க சார். அவருக்கு நல்லா தெரியும்."

சனிக்கிழமையே பால்ராஜ் தனியாகப் பஸ் ஏறிப் பொன்னேரி போய், அந்த டிஸ்க்கைக் கடையில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கம்பெனியிலிருந்து ஒன்று கேட்டு வாங்கியிருக்கலாமே என்று ஆல்வின் சொன்னதற்கு, கொட்டகையில் ஏழு தரமும் டிக்கெட் எடுத்துத்தான் பார்த்தேன் என்றார்.

பிளேயர்களெல்லாம் வீடு திரும்பிவிட்ட ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோபியா வீட்டுக்குள் கால் வைக்க இடமில்லை. பிளேயர் கொடுத்த அத்தனை வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். சுப்பன் கடையைப் பூட்டிவிட்டு வந்தான். ரோஸ்மேரி வறுத்த கெழங்கா மீனை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். படம் ஓடியது. கட்டை வண்டி வரப்போகிறது என்றதும் எல்லோரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். கதாநாயகன் வாயைத் திறந்தான். பாடினான். வண்டி ஆற்றில் இறங்கிக் கரையேறியது. யாரோ விசில் அடித்தார்கள். பால்ராஜ் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சோபியா கதவோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் பழக்கத்துக்குத் திரையின் மூலைகளைத் துழாவிக்கொண்டிருந்தது. பிறகு, எப்போது என்று தெரியாமல், நடுவுக்கு வந்துவிட்டது. திரையில் தபால்காரன் ஒருவன் வேலி ஓரம் நின்று அழுதான். அவள் பக்கத்தில் இருந்த ரோஸ்மேரியின் தோளைத் தொட்டாள்.

"அண்ணி, இந்தத் தபால்காரன் யாரு? இன்னாத்துக்கு அழுவறான்?"

கூரை அதிரச் சிரிப்பு.

"அவந்தாம்மா பொண்ணோட அப்பன்!" என்று பால்ராஜ் எழுந்தே நின்றுவிட்டார். "நூறு தரம் பாத்திருப்பியேம்மா இந்தப் படத்த?"

"பாத்தேன் மாமா. புள்ளி வருதா, கோடு வருதான்னு பாத்தேன். கத யாரு பாத்தா?"

பால்ராஜ் ரிமோட்டைத் தேடி எடுத்தார். யாரையும் கேட்கவில்லை. படத்தை நிறுத்தி முதலிலிருந்து போட்டார். ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மீன் தட்டைத் தூக்கிச் சோபியா பக்கம் நகர்த்தினார்கள். முன்வரிசையில் அவளுக்கு இடம் விட்டார்கள்.

ஆல்வின் பின்னாலிருந்து குனிந்து அவள் காதில் கேட்டான்: "நோட்டும் பேனாவும் எடுத்துனு வரட்டா?"

"வாய மூடுய்யா" என்றாள் சோபியா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "படம் போவுது."